ரியாத்துக்குப் பொரித்த நெத்தலி

நூருன்னிஸா இறந்துபோன செய்தியை நூருன்னிஸாவே கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். வாசலில் பொலிஸ் சார்ஜன் ஒருவர் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். எண்பத்தாறாம் வருடம் அது. அலுவிகாரையின் அந்தச் சின்ன ஒழுங்கைக்குள் பொலிஸ் நுழைந்தால் ஒவ்வொரு வீட்டு யன்னலும் கொஞ்சம் திறந்து, பிறகு மூடிக்கொள்ளும்.

"மக்கீன் வீடு இதுதானே?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். "அவனுடைய மனைவி நூருன்னிஸா சவூதியில் வேலை செய்கிறாள், இல்லையா?"

நூருன்னிஸா தலையாட்டினாள். ஈரக் கையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது.

"ரியாத்தில் இறந்துவிட்டாள். மாடியிலிருந்து விழுந்தாளாம். கொழும்பிலிருந்து செய்தி வந்திருக்கிறது. மய்யத்தை அங்கேயே அடக்குவதா, இங்கே கொண்டுவருவதா என்று புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கே." சொல்லிவிட்டு அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நீ யார்?"

"தங்கச்சி."

"பெயர்?"

"றம்லா."

யட்டவத்தையில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய சொந்தத் தங்கையின் பெயர் அது. வாய் தானாகவே சொல்லிவிட்டது. சார்ஜன் தலையைக் குனிந்து, "வருத்தம்தான்," என்றார். அவர் உண்மையாகவே வருந்தினார். தன் சாவுக்காக ஒரு மனிதர் வருந்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, கனவில் தன் முதுகைத் தானே பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

இறந்தவள் கமலாட்சி. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த சுந்தரம்மாவின் ஒரே மகள். டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றவள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபோது வேலையும் அதோடு எரிந்தது. சவூதிக்குப் போகலாம் என்றால் பாஸ்போர்ட் எடுக்க வழியில்லை. அவளுக்கும் அவள் தாய்க்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லை, இந்தியாவின் பிரஜாவுரிமையும் இல்லை. மாமன்மாரெல்லாம் இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனபோது, இவர்கள் இருவரும் ஏறாமல் நின்றுவிட்டவர்கள். ஆள் அனுப்புகிற யாகூப்தான் வழி சொன்னான். மக்கீனின் மனைவியும் அதே வயது, அதே நிறம். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் இவள் போகட்டும். அதற்காக யாகூப் கொடுத்ததில்தான் நூருன்னிஸாவின் வீட்டுக் கூரை ஒழுகாமல் நின்றது.

போவதற்கு முன் கமலாட்சி இந்த வீட்டில் தங்கித் தொழக் கற்றுக்கொண்டாள். நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குக் குனியும்போதெல்லாம் சிரிப்பாள். "சிரிச்சா அங்க தலய எடுப்பாங்க புள்ள," என்று நூருன்னிஸா அதட்டுவாள். பிறகு அவளும் சிரிப்பாள்.

சார்ஜன் போனதும் மக்கீன் உள்ளறையிலிருந்து வந்தான். எல்லாம் கேட்டிருந்தான். கராம்பும் மிளகும் வாங்கி விற்கிற அவனுடைய விரல்கள் எப்போதும் மணக்கும். அந்த விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"அங்கயே அடக்கச் சொல்லிக் கையெழுத்து வெச்சிட்டு வாறன்."

"அவட உம்மாவுக்குச் செல்லாமயா?"

"பொறகு செல்லுவம். இப்ப செல்லி, அந்த மனிசி பொலிஸ்ல போய் ஒப்பாரி வெச்சா, ஒன்னயும் என்னயும் உள்ளுக்குப் போடுவானுகள். புள்ளைங்கள யாரு பாக்கிற?"

"மய்யத்தையாச்சும் அந்தப் பாவம் பாக்கவேணுமே?"

மக்கீன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மய்யத்து வந்தா பெட்டியத் தொறப்பாங்க நூரு. தொறந்தா உள்ளுக்கு ஒன்ட மூஞ்சா ஈக்கும்?"

அவன் போய்விட்டான். அவன் ஒழுங்கையைத் தாண்டிய பிறகுதான், அன்றைக்குச் சுந்தரம்மா வருகிற நாள் என்பது நூருன்னிஸாவுக்கு நினைவு வந்தது. லீவில் வந்திருந்த பக்கத்து ஒழுங்கை ஹவ்வா நாளைக்கு ரியாத்துக்குத் திரும்புகிறாள். கமலாட்சிக்குச் சாப்பாட்டு டின் அவளிடம்தான் போக வேண்டும்.

சுந்தரம்மா வந்துவிட்டாள். தலையில் சாக்கு, இடுப்பில் துணிப்பொட்டலம். அலுவிகாரைச் சந்தியிலிருந்து நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் வாய் அதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டது.

"பஸ்ஸுல ஒரு ஆளு கேக்கிறான், என்னா ஆச்சி, சாக்குல குண்டா இருக்குன்னு. குண்டுதான்டா, நெத்தலிக் குண்டு, மூக்குல வெடிக்கும்னேன். பயந்து அடுத்த சீட்டுக்குப் போயிட்டான்!" சாக்கை இறக்கிக் கைகளை விரித்துக் காட்டினாள். "பாத்துக்கங்க நூரு. திருநீறு இல்ல, குங்குமம் இல்ல. சுத்தமான துலுக்க வீட்டுப் பார்சலு."

ஒவ்வொரு தடவையும் நடக்கிற வேடிக்கை இது. அந்த டின்னில் கோயில் வாசம் எதுவும் இருக்கக் கூடாது என்பது யாகூபின் கட்டளை. அதனால் சமையல் இந்த வீட்டு அடுப்பில்தான். சாமான்கள் சுந்தரம்மாவுடையவை, சட்டி நூருன்னிஸாவுடையது. ஒவ்வொரு தடவையும் நூருன்னிஸா, "மூட்டைக்குள்ள சாமி ஒளிஞ்சிட்டிருக்காரோ என்னமோ," என்று பதில் கொடுப்பாள். இன்று அவள் சாக்கை மட்டும் அடுப்படிக்கு நகர்த்தினாள்.

"என்னா மொகம் வீங்கிக் கெடக்கு? அவரு ஏசினாரா?"

"தலையிடி அக்கா."

"அப்ப குந்துங்க. நானே பாத்துக்கிறேன்."

சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெயிலில் காயவைத்துத் தலை கிள்ளிய நெத்தலி. செத்தல் மிளகாய். உப்பில் ஊறிக் கறுத்த தேசிக்காய். சுட்டு உரித்த பலாக்கொட்டை. தொழிற்சாலையில் தெரிந்த ஆளிடம் வாங்கிய தேயிலைத் தூள், இன்னும் சூடாக இருப்பதுபோல மணத்தது. சுந்தரம்மா அடுப்பில் விறகு தள்ளி ஊதினாள். புகை கூரை ஓட்டு இடுக்கால் வெளியேறியது.

இப்போது சொல்ல வேண்டும், என்று நூருன்னிஸா நினைத்தாள். எண்ணெய் காய்வதற்கு முன் சொல்ல வேண்டும். மக்கீன் இன்னும் பஸ்ஸுக்குக்கூட நின்றுகொண்டிருக்கலாம். இப்போது சொன்னால் இந்தத் தாய் ஓடிப்போய் அந்தக் கையெழுத்தைத் தடுக்கலாம். மகளைக் கொண்டுவாருங்கள் என்று கேட்கலாம். பிறகு பெட்டி வரும். பெட்டியைத் திறப்பார்கள்.

"அக்கா..."

"ம்?"

"எண்ணெ போதுமா?"

"தாராளம். தண்ணி ஒரு சொட்டு படாமப் பாத்துக்கங்க, அது போதும். போன தடவ பூஞ்சணம் புடிச்சிருச்சாம். தொடச்சிட்டுத் தின்னேன்னா கழுத." சுந்தரம்மா நெத்தலியைக் கை நிறைய அள்ளி எண்ணெயில் போட்டாள். சட்டி மழைபோல் இரைந்தது. "அந்த கேசட்டப் போடுங்களேன். ஒரு தடவ கேட்டுக்கிறேன். என்னென்ன கேட்டான்னு மறந்து போகும்."

மறக்க ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். கமலாட்சிக்கு எழுத வராது. அதனால் குரலை அனுப்பியிருந்தாள். லயத்தில் கேசட் பெட்டி கிடையாது. சுந்தரம்மா இங்கே வருகிற போதெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் போவாள். இல்லை என்று சொல்ல நூருன்னிஸாவுக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். முதலில் காற்றுப்போல ஒரு இரைச்சல். எங்கோ ஒரு குளிரூட்டிப் பெட்டியின் உறுமல். பிறகு அந்தக் குரல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். நூருக்கிட்டயும் சொல்லுங்க. இங்க என்னய நூரா, நூரான்னு கூப்புடுறாங்க. நான் வேற யாரையோன்னு பேசாம நிப்பேன். அதுக்கொரு ஏச்சு. அம்மா, இங்க எல்லாமே ஆட்டெறச்சியும் சோறுந்தான். நாக்கு மரத்துப் போச்சு. நெத்தலிய நல்லா மொறுமொறுன்னு பொரிச்சு, வெங்காயம் செவக்க வதக்கி, கொச்சிக்காய இடிச்சுப் போட்டு அனுப்புங்க. தூங்கறப்ப ரெண்டு வாயில போட்டுக்கிட்டா, நம்ம லயத்துல குந்தியிருக்கிற மாதிரி இருக்கும். இந்த ஏசியில ராவெல்லாம் வெறைக்குதும்மா. கம்பளியக் கேட்டா சிரிக்கிறாங்க..."

"கம்பளி வாங்கி அனுப்பலாம்னா, டின்னுக்குள்ள எங்க வைக்கிறது?" என்று சுந்தரம்மா கேசட்டுக்கே பதில் சொன்னாள். அகப்பையால் நெத்தலியைக் கிளறி, ஒன்றை எடுத்து ஊதிக் கடித்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம். மொறுமொறுன்னு கேட்டிருக்கால்ல."

நூருன்னிஸா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாடா முடிந்து பொத்தான் தானாகத் துள்ளி எழுந்தது. மக்கீன் இப்போது பஸ்ஸில் இருப்பான். இறங்கியிருப்பான். படியேறியிருப்பான். அவளுடைய மௌனமும் அவனோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு விசயம் செல்லணும்..."

"நூரு! நூரு!"

குரல் வாசலிலிருந்து வந்தது. அடுத்த வீட்டு நாச்சியா, வயதான விதவை. இரண்டு கையிலும் துணியால் மூடிய சோற்றுச் சட்டியைத் தாங்கிக்கொண்டு, முக்காடு நழுவ, நேராகக் குசினிக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"யா அல்லாஹ், யாருக்குப் புள்ள மௌத்து? அந்தச் சார்ஜன் ஒங்கட ஊடு எதுண்டு என்னட்டத்தான் கேட்டான். சவூதில இந்த ஊட்டுப் பொம்புளயொண்டு மௌத்தாப் போயிட்டாண்டு சென்னான். ஒன்ட றம்லா ஒங்களுக்குச் செல்லாம அங்க போயிட்டாளோண்டு நெனச்சி அழுதழுது சோறாக்கினேன்..." அவள் நின்றாள். அடுப்பைப் பார்த்தாள். "என்ன புள்ள இது? மௌத்து ஊட்டுல அடுப்பெரியுதா? கருவாட்டு வாசம் ரோட்டுக்கு வருது!"

நூருன்னிஸா அவள் கையிலிருந்த சட்டியை வாங்கவில்லை. வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மௌத்து வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரும். லயத்திலும் அப்படித்தான், சாவு விழுந்த காம்பராவில் நெருப்பு இருக்காது, பக்கத்துக் காம்பராக்காரர்கள் கஞ்சி கொண்டு வருவார்கள். அதனால் நாச்சியா சொன்னதில் சுந்தரம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அவள் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சவூதியில ஒங்க வீட்டு ஆளு யாரு இருக்கா நூரு?"

நூருன்னிஸா அடுப்பின் பக்கம் பார்த்தாள்.

"ஒங்க தங்கச்சிய போன கெழமதானே சந்தையில பாத்தேன். வேற யாரு இருக்கா?" சுந்தரம்மா நூருன்னிஸாவின் முகத்தில் தேடினாள். தேடியது கிடைத்துவிட்டது. "ஒங்க பேருல ஒரு ஆளுதானே போச்சு?"

"அக்கா, மாடியிலருந்து..."

நாச்சியா வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணெயில் நெத்தலி கறுகத் தொடங்கியது. சுந்தரம்மா அலறவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே அடுப்பின்மேல் கவிழ்த்தாள். சீறிக்கொண்டு எழுந்த சாம்பலும் ஆவியும் மூவரையும் மூடிக்கொண்டன. எண்ணெய் நாலாபுறமும் தெறித்தது. அவள் கையில் பட்டதை அவள் துடைக்கவில்லை.

"என் புள்ள செத்துக் கெடக்கு. நான் கருவாடு பொரிச்சேன். ருசி பாத்தேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க." குரல் உயரவே இல்லை. "காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"வாய் இல்லியா ஒங்களுக்கு?"

பிள்ளைகள் என்று சொல்லலாம், புருஷன் என்று சொல்லலாம், சிறை என்று சொல்லலாம். அந்த ஈரச் சாம்பலின் முன் ஒன்றும் எடுபடாது என்று நூருன்னிஸாவுக்குத் தெரிந்தது.

"எப்ப கொண்டாறாங்க?"

நூருன்னிஸா மெதுவாகச் சொன்னாள். மக்கீன் எங்கே போயிருக்கிறான் என்றும் எதற்கு என்றும் சொன்னாள். முடிப்பதற்குள் சுந்தரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிவிட்டாள். வெறுங்கால். செருப்பு வாசலில் கிடந்தது.

நாச்சியா நூருன்னிஸாவின் கையைப் பிடித்தாள். "நீ போகாத புள்ள. நீ போனா எல்லாம் வெளிய வரும்."

"வரட்டும் ராத்தா. புள்ளைங்க வந்தா சோத்தக் குடுங்க," என்று சொல்லிவிட்டு நூருன்னிஸா முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். செருப்பை எடுத்துப்போய் பஸ் நிறுத்தத்தில் சுந்தரம்மாவின் காலடியில் வைத்தாள். சுந்தரம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். வேறு இடம் இருக்கவில்லை.

பொலிஸ் நிலையத்து வாங்கில் மக்கீன் உட்கார்ந்திருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான். பிறகு மறுபடி உட்கார்ந்தான். "வெச்சிட்டேன்," என்றான். அவ்வளவுதான்.

நூருன்னிஸா மேசையடிக்குப் போனாள். சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் நூருன்னிஸா," என்று சிங்களத்தில் சொன்னாள்.

"காலையில் றம்லா என்றாய்."

"பொய் சொன்னேன். இறந்தது இவங்களுடைய மகள். கமலாட்சி."

சார்ஜன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சுந்தரம்மாவைப் பார்த்தார். தேயிலைக் கறை படிந்த அவளுடைய விரல்களைப் பார்த்தார். "உன் மகளா?"

"என் மக, சார்." அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். கங்காணியிடமும் கடைக்காரனிடமும் பேசிப் பழகிய சிங்களம். மகளைப் பற்றிச் சொல்ல அது போதவில்லை.

"அவளிடம் அடையாள அட்டை இருந்ததா? உன்னிடம்?"

"இல்லீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கொடூரமான மனிதர் அல்ல, களைத்தவர். "கேள் அம்மா. இதை நான் எழுதலாம். எழுதினால் இவள், இவள் புருஷன் இரண்டு பேரையும் அடைக்க வேண்டும். போட்ட கையெழுத்து செல்லாது. செத்தது யார் என்று அங்கிருந்து கேட்பார்கள். இப்படியொருத்தி இந்த நாட்டில் இருந்தாள் என்று காட்ட உன்னிடம் ஒன்றும் இல்லை. வழக்கு முடிகிறவரை பிள்ளை அங்கே ஐஸ் பெட்டியில் கிடப்பாள். வருடம் போகலாம். அதற்குப் பிறகும் தருவார்களா, தெரியாது." பேனையை எடுத்தார். "இல்லையென்றால் நாளைக்கு அவர்கள் அடக்கிவிடுவார்கள். நீதான் தாய். நீ சொல்வதைச் செய்கிறேன். எழுதவா?"

மக்கீன் தரையைப் பார்த்தான். நூருன்னிஸா சுந்தரம்மாவைப் பார்த்தாள். எழுதச் சொல்லட்டும் என்றும், வேண்டாம் என்று சொல்லட்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டினாள். தன் மனம் எந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தது என்பது அவளுக்குத் தெரியும், அதற்காக அவளுக்கு மன்னிப்பு இல்லை.

"ஐஸ் பெட்டின்னா," என்று சுந்தரம்மா கேட்டாள், "உள்ளுக்கு ரொம்பக் குளிருமா சார்?"

சார்ஜன் கையிலிருந்த பேனையைப் பார்த்தார்.

"அவளுக்குக் குளிரு ஆகாதுங்க. சின்னதிலருந்தே ஆகாது." அவள் கையிலிருந்த எண்ணெய்க் கொப்புளத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். "எழுதாதீங்க. பொதைக்கச் சொல்லிருங்க."

பேனை கீழே வைக்கப்பட்டது. "இனி ஒரு காரியத்துக்கும் இந்தப் பெயரில் எந்த அரசாங்கக் கந்தோர் படியும் ஏறாதே," என்று சார்ஜன் நூருன்னிஸாவிடம் சொன்னார். "அந்தப் பெயர் செத்துவிட்டது. போங்கள்."

மக்கீன் பிள்ளைகளைப் பார்க்க முன்னால் போய்விட்டான். சுந்தரம்மா எல்கடுவ பஸ் வரும் இடத்துக்கு நடந்தாள். நூருன்னிஸா கூடவே நடந்தாள். சுந்தரம்மா அவளைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அங்கே ஒரு மதகுக் கட்டில் இருவரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். வெயில் மங்கி, மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

சுந்தரம்மா ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள். "ஒங்க ஆளுங்க எப்புடிப் பொதைப்பாங்க?"

நூருன்னிஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"முதல்ல குளிப்பாட்டுவாங்க."

"ஆம்பளைங்களா?"

"இல்ல அக்கா. பொம்புளைங்கதான். மூடிவெச்சிட்டுத்தான் குளிப்பாட்டுற. வயித்த மெதுவா அமத்துவாங்க. நோவாமத் தேய்க்கணும். அப்புடித்தான் எங்களுக்குப் படிச்சுத் தந்திருக்கு."

"சுடுதண்ணியா?"

"எளஞ்சூடு." அது நிச்சயமாகத் தெரியாது அவளுக்கு. ஆனாலும் சொன்னாள். "தலைமுடிய மூணாப் பின்னிவிடுவாங்க. கற்பூரம் பூசுவாங்க. பொறகு வெள்ளத் துணி."

"கற்பூரமா? ஒங்களுக்கும் கற்பூரமா?"

"ஓ. எங்களுக்கும்."

சுந்தரம்மா அதை மனதில் எங்கோ ஒரு பக்கத்தில் எடுத்துவைத்துக்கொண்டதுபோலத் தலையசைத்தாள். "பூ?"

"அங்க பூ போட மாட்டாங்க அக்கா."

"யாருக்குன்னு பேரு சொல்லித் தொழுவாங்களா?"

"பேர் செல்றல்ல. பொம்புளயொண்டுண்டு மட்டும் செல்லுவாங்க."

"பொறகு?"

"பொறகு குழியில ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வெப்பாங்க. கன்னத்துக்குக் கீழ மண்கட்டி வெப்பாங்க. நித்திரைக்குச் சரிஞ்சு படுக்கிற மாதிரி."

"அவ அப்புடித்தான் தூங்குவா," என்றாள் சுந்தரம்மா.

எல்கடுவ பஸ் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. கூடை தூக்கியவர்கள் ஏறினார்கள். நடத்துனர் தகரத்தைத் தட்டி, இவர்களைப் பார்த்து, "வாறதா இல்லியா?" என்று கத்தினார். சுந்தரம்மா எழவில்லை. பஸ் போய்விட்டது. தூரத்து மழையின் முதல் துளிகள் ரோட்டுப் புழுதியில் விழத் தொடங்கின.

"திரும்ப மொதல்லருந்து சொல்லுங்க," என்றாள். இப்போதும் அவள் நூருன்னிஸாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "மெதுவா சொல்லுங்க. குளிப்பாட்டுறதுலருந்து."

நூருன்னிஸா மறுபடி தொடங்கினாள்.